விசில் கிடந்த கழுத்து

விசில் பொன்னுச்சாமியின் கழுத்தில் கிடந்தது.

மஞ்சள்காமாலையில் ஒன்றரை மாதம் படுத்து எழுந்து, அன்றுதான் முதல் தடவையாகப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்திருந்தார் கோமதிநாயகம். "வாங்க அண்ணாச்சி, இப்படி இளைச்சுட்டியளே" என்று சைக்கிள் கடை பாதுஷா ஓடிவந்து கையைப் பிடித்தார். அது அவர் காதில் விழவில்லை. மற்றவர்கள் சுற்றி நின்று, பத்தியம் முடிந்ததா, கீழாநெல்லி குடித்தீரா என்று விசாரித்தார்கள். அதுவும் விழவில்லை. கறுப்புக் கயிறும் அதன் முனையில் தொங்கிய பித்தளை விசிலும்தான் அவர் கண்ணில் நின்றன. அவருடைய கழுத்து வியர்வையில் ஊறிய கயிறு அது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். முந்தின நாள்தான் வைத்தியர் அவருடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, மஞ்சள் சுத்தமாக வடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். வைத்தியர் இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்த்திருக்கலாம்.

விஷயம் இதுதான். அந்த வருஷம் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடக்கப்போகிறது என்று பேப்பரில் தினமும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்துப் படித்து ரத்தம் சூடேறிப் போனவர் துரைப்பாண்டி சார், விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கரன்கோவில் ரத வீதிகளில் கல்லாவே கதி என்று உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளைக் கிளப்பி ஓட வைப்பது என்று அவர் முடிவு செய்தார். நாற்பது வயது தாண்டி, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியிராத ஆட்கள்தான் அவருக்கு வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள்.

முறை எளிது. ஒரு விசிலுக்கு ஓட வேண்டும், மறு விசிலுக்கு நடக்க வேண்டும். நாளாக நாளாக ஓட்டம் நீளும், நடை குறையும். ஆனால் விசிலைச் சார் வைத்துக்கொள்ள மாட்டார். ஓடுகிறவர்களில் ஒருவர் கழுத்தில் மாட்டிவிட்டு, வேப்பமரத்தில் சைக்கிளைச் சாத்தி நின்றுகொள்வார்.

முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் கோமதிநாயகம் மரத்துக்குப் பின்னால் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். முகம் கழுவுவதற்கு அவருக்கு வேறு ஒரு அவசரமான காரணமும் இருந்தது, அது நமக்கு வேண்டாம். அவர் திரும்பி வருவதற்குள் சார் எல்லாரையும் கூட்டி ஏதோ பேசி முடித்திருந்தார். இவரைக் கண்டதும் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் நேரே வந்து, "நீருதான்வே இதுக்குச் சரியான ஆளு" என்று சொல்லி விசிலை இவர் கழுத்தில் மாட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கோமதிநாயகத்துக்காக அதற்கு முன் யாரும் கைதட்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெஞ்சு. அப்பா பாகம் பிரித்தபோது அண்ணனுக்குச் சந்தையடியில் பெரிய கடை, இவருக்குத் தெற்கு ரத வீதியில் இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய பாத்திரக்கடை. அந்தக் கடைக்கு நேர் எதிரே பொன்னுச்சாமியின் ஜவுளிக்கடை. மாடி உண்டு, டெலிபோன் உண்டு, வாசலில் ஸ்கூட்டர் உண்டு. காலையில் கடை திறந்தால் ராத்திரி பூட்டுகிற வரைக்கும் கோமதிநாயகம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொன்னுச்சாமியிடம் இல்லாத ஒன்று தன்னிடம் உண்டென்றால் அது அந்த விசில்தான். அதை அவர் கடையிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கல்யாண வீடுகளுக்குப் போட்டுக்கொண்டு போனார். டீ சொல்ல வேண்டுமானால் எழுந்து போகாமல் விசிலை ஊதினார், எதிர்க்கடைக்கும் கேட்கட்டும் என்று.

தவிர, அவருக்கு அதில் ஒரு தனித் திறமை இருப்பதாக அவரே கண்டுபிடித்திருந்தார். கூட்டத்துக்கு எப்போது மூச்சு வாங்கும் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்துவிடும். தன் நெஞ்சு படபடக்கிற நேரம் பார்த்து ஊதுவார். திரும்பிப் பார்த்தால் ஒருவருக்கும் இரைத்திருக்காது. சரியான நேரத்தில் ஊதியதால்தான் ஒருவருக்கும் இரைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட விசில்தான் இப்போது பொன்னுச்சாமியின் கழுத்தில் கிடந்தது.

பொன்னுச்சாமி இவரைக் கண்டதும் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக் காதுவரைக்கும் தூக்கிவிட்டார். "வந்துட்டீராவே. நல்லவேளை. சார், இத அவருகிட்டயே..."

துரைப்பாண்டி சார் கையை அமர்த்தினார். "பொறும்வே." கோமதிநாயகத்தை மேலும் கீழும் பார்த்தார். "உடம்பு எப்படிவே இருக்கு? ஓட்டத்துக்குத் தாங்குமா?"

இது என்ன கேள்வி என்று கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. அவன் எதிரில் வைத்து இப்படிக் கேட்கிறாரே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"குதிர மாதிரி இருக்கேன் சார். முன்னைக்கு இப்ப நல்லா இருக்கேன்."

"அப்படியா. ரொம்ப சந்தோசம்" என்றார் சார். "அப்ப பொன்னுச்சாமி, நீரே ஊதும்."

காதுவரை ஏறிய கயிறு மறுபடி கழுத்துக்கு இறங்கியது. தருகிற மாதிரி தூக்கிக் காட்டிவிட்டு வைத்துக்கொண்டானே, பாவி, என்று கோமதிநாயகம் பல்லைக் கடித்தார்.

அன்று ஓட்டம் தொடங்கியதும் உண்மை தெரிந்துவிட்டது. ஒன்றரை மாதம் மோர்ச்சோறு சாப்பிட்ட உடம்பு. முதல் திருப்பத்திலேயே முழங்கால் இரண்டும் எனக்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்றன. அடுத்த விசில் எப்போது வரும் என்று அவர் பொன்னுச்சாமியின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு ஓடினார். அது உப்பவே இல்லை. 'ஊதுலே, ஊதித் தொலைலே' என்று மனசுக்குள் கெஞ்சினார். பொன்னுச்சாமி பேசிக்கொண்டே ஓடினார், அதுவும் பருத்திச் சேலை விலையைப் பற்றி.

முடியவில்லை. ஆனால் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது, குதிரை என்று சொல்லி ஐந்து நிமிஷம் ஆகவில்லை. சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார். கட்டி முடித்துக் கொஞ்சம் ஓடினார். மறு கால் கயிற்றைக் கட்டினார். பிறகு முதல் கால் கயிறு சரியில்லை என்று தோன்றியது.

ஓட்டம் முடிந்ததும் சார் அவருடைய காலைப் பார்த்தார். "ஆளு நல்லாத்தான் இருக்கீரு. ஷூதான் சரியில்ல. புதுசா வாங்கும்வே."

வேறு வழி? மறுநாளே திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் புது கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தார். கட்டை மாதிரி இருந்தது. குதிகாலைக் கடித்துக் கொப்புளமாக்கியது. முன்பு மூச்சு மட்டும் இல்லாமல் இருந்தது, இப்போது காலும் போயிற்று.

"போனாப் போகுது ஒரு விசிலு" என்றாள் வள்ளித்தாய். கொப்புளத்தில் விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். "தவசுத் திருவிழாக் கடையில கலர் கலரா தொங்க விட்டிருப்பாங்க. ஒண்ணு வாங்கித் தாரேன்."

"அது கடையில வாங்குத விசிலு இல்லட்டி."

"பின்ன?"

"அது மரியாத. என்னைய நம்பிக் குடுத்தது. நான் செத்துப் பொழச்சு வாரதுக்குள்ள அவன் கழுத்துல ஏறிட்டு. அவனுக்கு மாடி இல்லையா, ஸ்கூட்டர் இல்லையா? இதையும் பிடுங்கணுமா?"

வள்ளித்தாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வைத்தியரு ஒங்கள இன்னும் கொஞ்ச நாளு ஓடக்கூடாதுன்னுதான சொன்னாரு. நடக்கச் சொன்னாரு. அங்கன போயி அதச் சொல்லிட்டா என்ன? பொன்னுச்சாமி அண்ணாச்சியே நேத்து கேட்டாக, அவருக்குக் கஷ்டமா இருந்தா சொல்லச் சொல்லுங்கன்னு."

"கேப்பான். நான் கஷ்டம்னு சொல்லணும், அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கணும்."

பொறாமை பிடித்தவனிடம் நியாயம் பேசுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. வள்ளித்தாய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதற்கிடையில் எதிர்க்கடையில் நடப்பதைக் கோமதிநாயகம் கவனித்தார். பொன்னுச்சாமி கடைக்கு வரும்போது விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு நாளும் அதை வெளியில் காட்டவில்லை. 'எப்படி அடக்கமா நடிக்கான் பாரு' என்று கோமதிநாயகத்துக்கு வயிறு இன்னும் எரிந்தது. பெருமையை வெளியே காட்டுகிறவனைப் பொறுத்துக்கொள்ளலாம், உள்ளே வைத்துக்கொண்டு அனுபவிக்கிறவனை எப்படிப் பொறுப்பது?

தனியாகப் பழகி உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்துதான் இவனை ஜெயிக்க முடியும் என்று முடிவு செய்தார். ஆனால் எங்கே பழகுவது? ரத வீதியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினால் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று நாலு பேர் கூடவே ஓடிவருவார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓடினால் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்துவார்கள்.

அப்போதுதான் கோமதியம்மன் கோயிலில் ஆடித்தவசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. திருவிழா முடிகிற வரைக்கும் மைதானத்து ஓட்டத்துக்கு லீவு. கொடி ஏறிவிட்டால் ஊர் ஜனம் கோயிலைச் சுற்றத் தொடங்கிவிடும். ஆடிச்சுற்று என்று பெயர். நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று அவரவர் நேர்ந்துகொண்டபடி சுற்றுவார்கள். எண்ணிக்கை தவறாமல் இருக்க மடியில் புளியங்கொட்டை வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. விடியலில் வேகமாகச் சுற்றுகிற கூட்டத்துக்குள் புகுந்துகொண்டால், நடக்கிறவன் யார், ஓடுகிறவன் யார் என்று எவன் பார்க்கப்போகிறான்?

கோமதிநாயகமும் மடி நிறையப் புளியங்கொட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் நாள் நன்றாகவே போயிற்று. வெறுங்காலில் கொஞ்சம் ஓடுவார், எதிரில் தெரிந்தவர் வந்தால் நடந்து "கோமதித்தாயே" என்று கும்பிடுவார். இரண்டாம் நாள் மேற்குப் பக்கம் திரும்பும்போது எதிர்வீட்டுப் பார்வதியம்மாள் மேலேயே போய் மோதினார். மடி அவிழ்ந்து புளியங்கொட்டை தரையெல்லாம் உருண்டது.

"வள்ளி வீட்டுக்காரரா?" பார்வதியம்மாள் கன்னத்தில் கைவைத்தாள். "சீக்கு உடம்போட இப்படிச் சுத்துதியளே. எத்தன சுத்து நேந்திருக்கிய?"

கூட்டம் நின்று பார்த்தது. எதையாவது சொல்லி அனுப்ப வேண்டும்.

"ஐந்நூத்தியொண்ணு" என்றார் கோமதிநாயகம்.

அவர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த எண் அவருக்கு முன்னால் வந்து வாசலில் நின்றது. வள்ளித்தாயின் கண் கலங்கியிருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. நீங்க விசிலு விசிலுன்னு புலம்புனத வச்சு உங்களப் போயித் தப்பா நெனச்சிட்டேனே. உசுரு பொழச்சதுக்கு அம்மனுக்கு நேந்துக்கிட்டு யாருகிட்டயும் சொல்லாம சுத்துதிய."

அந்த நேரத்தில் அது பொய் என்று சொல்லுகிற தைரியம் எந்தப் புருஷனுக்கு வரும்? அவர் அடக்கமாகத் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து தினமும் விடியலில் வள்ளித்தாயே அவரை எழுப்பினாள். கணக்குத் தப்பக்கூடாது என்று புளியங்கொட்டையையும் அவளே எண்ணிக் கொடுத்தாள், மிச்சத்தையும் அவளே எண்ணி வாங்கினாள்.

இனி ஓடவும் முடியாது. நேர்த்திக்கடன் சுற்றுகிறவர் என்று தெரிந்துபோயிற்று, ஜனம் வழிவிட்டுக் கும்பிட்டது. கும்பிடுகிற ஜனத்துக்கு முன்னால் எப்படி ஓடுவது? நடந்தே தீர்க்க வேண்டியதாயிற்று.

இது போதாதென்று பொன்னுச்சாமியும் வந்து சேர்ந்தார். அவர் மனைவி முப்பிடாதியம்மாள் சொல்லித்தான் தெரிந்ததாம்.

"தனியாச் சுத்துனா சலிப்பா இருக்கும்லா" என்றார் பொன்னுச்சாமி. "பேச்சுத்தொணைக்கு வாரேன்வே. எனக்கும் ஒரு நூத்தியொண்ணு கெடக்கட்டும்."

பக்தியிலும் போட்டிக்கு வந்துவிட்டானே என்று கோமதிநாயகத்துக்குக் காந்தியது. பொன்னுச்சாமி பக்கத்தில் நடந்தபடி இளநீர் வேண்டுமா, நிழலில் உட்காருகிறீரா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கேட்கக் கேட்க இவர் இன்னும் வேகமாக நடந்தார்.

"உமக்கு முடியலன்னா மைதானத்துல சார்ட்ட சொல்லிரும்வே" என்றார் பொன்னுச்சாமி ஒருநாள். "அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. எனக்கும் நல்லதாப் போகும்."

"உமக்கு நல்லதாப் போகும்னு எனக்குத் தெரியும்வே" என்றார் கோமதிநாயகம்.

பொன்னுச்சாமி இளநீர்க்காரனைக் கூப்பிட்டார்.

ஆடிச்சுற்று சுற்றுகிறவர்களின் கால்வலியைக் கோமதியம்மனே வாங்கிக்கொள்வாள் என்பது ஊர் நம்பிக்கை. ஊரில் அத்தனை பேர் வலியையும் வாங்கிக்கொண்ட அம்மன், கோமதிநாயகத்தின் வலியை மட்டும் அவரிடமே விட்டுவிட்டாள். பொய் நேர்த்தி என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தவசு முடிந்தபோது அவர் பாதம் இரண்டும் தோல் உரிந்து கிடந்தது. வள்ளித்தாய் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள்.

திருவிழா முடிந்து மைதானத்தில் எல்லாரும் கூடிய முதல் நாள், துரைப்பாண்டி சார் ஓர் அறிவிப்புச் செய்தார்.

"இன்னைக்கு விசிலு கெடையாது. மைதானத்தச் சுத்தி நிக்காம ஓடுங்க. முடிஞ்ச மட்டும் ஓடுங்க. யாரு எப்படி இருக்கீங்கன்னு பாத்துட்டு, இனிமே விசிலு யாருகிட்ட இருக்கணும்னு சொல்லுதேன்."

கோமதிநாயகத்தின் காதில் அது பந்தயம் என்றே விழுந்தது. பொன்னுச்சாமி விசிலைக் கழற்றி சாரிடம் கொடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஜெயித்துவிடுவோம் என்கிற திமிர்தான் அது என்று கோமதிநாயகம் புரிந்துகொண்டார். புற்றுமண் பூசிய பாதத்தைப் புது ஷூவுக்குள் திணித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்கு வந்த தண்ணீரைப் பொறாமை துடைத்துவிட்டது.

சார் கையை இறக்கினார்.

வில்லிலிருந்து விட்ட மாதிரி பறந்தார் கோமதிநாயகம். எல்லாரையும் தாண்டினார். பாதுஷா பின்னாலிருந்து "அண்ணாச்சி, மெதுவா" என்று கத்தினார். மெதுவாகவா? வாழ்க்கை முழுக்க மெதுவாகப் போய்த்தான் சின்னக் கடை கிடைத்தது. கால் சுற்று வரைக்கும் அவருக்கு முன்னால் ஒரு காக்கை மட்டும்தான் இருந்தது. அரைச் சுற்று வரைக்கும் அவரே முதல்.

அரைச் சுற்றில் வலது கால் நின்றுவிட்டது. பிறகு மூச்சு நின்றது. பொன்னுச்சாமி தாண்டிப் போனார். பாதுஷா போனார். ஒருவர் விடாமல் எல்லாரும் போனார்கள். கோமதிநாயகம் தரையில் உட்கார்ந்து தலையை முழங்காலுக்குள் கவிழ்த்துக்கொண்டார். எல்லாம் போயிற்று. இனி எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டியதுதான் என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். கழுத்தில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. நிமிர்ந்தார்.

பித்தளை விசில்.

"இனிமே நீரே வச்சுக்கிடும்வே" என்றார் துரைப்பாண்டி சார். குரல் மெத்தென்று இருந்தது. "நேத்திக்கடன் சுத்துனது, காலு புண்ணானது எல்லாம் பொன்னுச்சாமி இப்பத்தான் சொன்னாரு. முதல்லயே நான் உம்மகிட்டத்தான் குடுத்திருக்கணும். உம்ம பேச்சக் கேட்டு ஏமாந்துட்டேன்."

கோமதிநாயகத்துக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. பெரிய மனுஷர் பெரிய மனுஷர்தான். யார் முடித்தார்கள் என்று அவர் பார்க்கவில்லை. உரிந்த காலோடு யார் முதலில் பாய்ந்தார்கள் என்று பார்த்திருக்கிறார்.

எல்லாரும் வந்து கைதட்டினார்கள். எல்லாரையும்விட பலமாகத் தட்டியவர் பொன்னுச்சாமி. அன்று சாயங்காலம் அவர் கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் அல்வா கொடுத்தார். கோமதிநாயகத்துக்கும் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே நெருப்பு எரிகிறவன்தான் வெளியே இப்படி இனிப்புக் கொடுப்பான் என்று சொல்லிக்கொண்டே கோமதிநாயகம் அதைச் சாப்பிட்டார். அல்வா அவ்வளவு ருசியாக அவருக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

மறுநாளே போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கழுத்தில் விசில். "விசிலு தெளிவா விழணும்" என்று சொன்னார். "மூஞ்சி கொஞ்சம் முன்னபின்ன இருந்தாப் பரவாயில்ல." பெரிதாக்கிச் சட்டம் போட்டு, எதிர்க்கடையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரி கல்லாவுக்கு மேலே மாட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மனசு ஆறியதாலோ என்னவோ, உடம்பு தேறத் தொடங்கியது. ஷூ காலுக்குப் பழகியது. நெஞ்சு படபடக்கும்போது ஊதினார், முடியாதபோது நடந்தார். ஷூ கயிறு ஒருநாளும் அவிழவில்லை. பொன்னுச்சாமியோடு பருத்திச் சேலை விலையைப் பேசிக்கொண்டே ஓடுகிற அளவுக்கு வந்துவிட்டார். நாள் போகப் போக நெஞ்சு படபடப்பதே குறைந்துபோயிற்று. ஊத மறந்துபோய் ஒரு முழுச் சுற்று ஓடிய நாளும் உண்டு.

புரட்டாசியில் வள்ளித்தாயின் அண்ணன் சிவகிரியிலிருந்து வந்தார். கோமதிநாயகத்தை அவர் அதுவரை ஒரு ஆளாக மதித்ததில்லை. கடைக்குள் வந்ததும் போட்டோவுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது என்ன மாப்ள, போலீஸ்ல சேந்துட்டீரா?"

அண்ணனோடு கூட வந்திருந்த வள்ளித்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "அது மைதானத்துல குடுத்தது. அத்தன வியாபாரிக ஓடுதாக, அதுல இவுக ஊதுனாத்தான் எல்லாரும் ஓடணும், இவுக ஊதுனாத்தான் நிக்கணும். அந்த எதிர்க்கடை அண்ணாச்சிகூட."

மச்சினர் எதிர்க்கடையின் மாடியைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். முதல் தடவையாகக் கோமதிநாயகத்தை மரியாதையோடு பார்த்தார். "பரவாயில்லையே. இதுக்கு ஆளத் தேர்ந்தெடுக்கதுக்கு ஏதாவது தகுதி வச்சிருப்பாகளே."

"இருக்கு மச்சான்" என்று கோமதிநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். நாற்பத்தாறு வயதில் வாழ்க்கை இப்படி ஒரு கேள்வியைக் கேட்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எதிர்க்கடையில் பொன்னுச்சாமி சேலை மடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் அங்கேயும் கேட்கும். "உக்காரும். விவரமாச் சொல்லுதேன்."

அந்த நேரம் பார்த்து சைக்கிள் கடை பாதுஷா படியேறி வந்தார். காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டு அன்று காலைதான் மறுபடி மைதானத்துக்கு வந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. மச்சினருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுக் கல்லாவின் மேல் கையை ஊன்றி, படியேறிய இரைப்பு அடங்கும் வரைக்கும் நின்றார். பிறகு போட்டோவில் இருந்த விசிலைக் காட்டிப் பணிவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்கதான் சார்ட்ட ஒரு வார்த்த சொல்லணும், நீங்க நல்லாத் தேறிட்டிய, இன்னைக்கு நீங்க ஊதுததுக்குள்ள எனக்கு உசுரே போயிட்டு. கூட்டத்துல யாருக்கு மொதல்ல மூச்சு முட்டுதோ அவுக கழுத்துலதான் விசிலு கெடக்கணும்னு சார் மொத நாளே எல்லார்ட்டயும் சொன்னாகள்லா, இனிமே அது எனக்குத்தான வரணும்?"